கதிரை கேட்டு வந்த உறுப்பினர்

சாய்ந்தமருது,
2022 ஜூன் 27

அன்பு மகன் ஸிராஜுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நாட்டுக்குத்தான் சுகமில்லை. கரண்ட் இல்லாமல் போன் செத்துக் கிடப்பதால் டோஹாவுக்கு வரும் பஸாலின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஊரில் பொழுதுபோக்குக்கு ஒரு குறையும் இல்லை மகன். ஆண்களெல்லாம் பெற்றோல் செட் வரிசைக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று சுற்றுலா போய் வருகிறார்கள், அங்கே கரம் விளையாட்டு, அரசியல், குட்டித்தூக்கம் எல்லாம் உண்டு. வரிசைக்குச் சங்கம்கூட வைத்தாயிற்று. பென்சன் எடுத்த மீராமுகைதீன் மாஸ்டர் தலைவர், திருக்கோவிலிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட குணம் செயலாளர். பெற்றோல்தான் இன்னும் அங்கத்தவராகச் சேரவில்லை.

வாப்பாவின் வியாபாரத்தைக் கேட்டிருந்தாய். கல்யாணமெல்லாம் வீட்டுக்குள் பத்துப் பேரோடு முடிவதால் விருந்தாளிகளை இருத்துகிற நம்முடைய வாடகைக் கதிரைகள் கடையில் ஓய்வெடுத்தன. ஒருநாள் அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி, வரிசையில் வாடகைக்கு விடப் போகிறேன் என்று வாப்பா கிளம்பினார். வெயிலில் நின்றவர்களைக் கண்டதும் கேட்க வாய் வரவில்லையாம், சும்மா கொடுத்துவிட்டு வந்தார். பெரிய வியாபாரி.

போன செவ்வாய்க்கிழமை மாநகர சபை உறுப்பினர் ஒருவர் ஜீப்பில் நம் வாசலுக்கு வந்தார். அந்த ஜீப் எந்த வரிசையில் நின்றதென்று ஒருவருக்கும் தெரியாது. கடற்கரையில் ஊஞ்சல் பூங்கா திறப்பாம், அரிசிக்கு அலைகிற சனத்துக்கு ஊஞ்சல்தான் அவசரம். மாலைக்குள் எல்லாக் கதிரையும் வேண்டுமாம். கதிரை வரிசையில் இருக்கிறது என்றதும், "எழுப்பிட்டு எடுங்க சாலிஹ் காக்கா, நிண்டு பழகின ஆக்கள்தானே" என்று வாப்பாவையும் ஏற்றிக்கொண்டு அங்கேயே போனார். சபை விழாக்களால்தான் நம் அடுப்பு எரிகிறது என்பது உனக்குத் தெரியும், சம்மதித்துவிடுங்கள் என்று கதவுக்குப் பின்னால் நின்று கண்ணால் கெஞ்சித்தான் அனுப்பினேன். முதல் கதிரையில் நிறைமாத வயிற்றோடு ஹுஸ்னியா இருந்திருக்கிறாள். புருஷன் சமையல் காஸ் தேடிப் போயிருக்க, வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக அவர்களுடைய ஆட்டோவில் பெற்றோல் வேண்டுமே என்று அவள் இடம் பிடித்திருந்தாளாம். வாப்பா அவளைப் பார்த்துவிட்டு, "புள்ளத்தாச்சிய எழும்பு எண்டு சொல்ல எனக்கு ஏலா" என்றாராம். இனிமேல் சபைப் பக்கம் வராதீங்க என்று உறுப்பினர் சொல்ல, "ஓம், வரல்ல. நீங்க வேணுமெண்டா இஞ்ச வந்து இருங்க, இடம் இரிக்கி" என்றாராம். குணம் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழா நின்றபடியே நடந்தது. கால் வலித்ததால் எல்லாருடைய பேச்சும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது, ஊருக்கு அது ஒன்றுதான் லாபம். சபை வேலை மறுநாளே வேறொருவருக்குப் போய்விட்டது. நான் வாப்பாவோடு கதைப்பதை நிறுத்தினேன். வியாழன் பெற்றோல் வந்தது. சனி விடிய ஹுஸ்னியாவுக்கு வலி எடுத்து, அந்த ஆட்டோவிலேயே கல்முனைக்குக் கொண்டுபோனார்கள், பெண் பிள்ளை. கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டொக்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரிக்குச் சோறு அனுப்பிவிட்டு, நான்கு நாளைக்குப் பிறகு முதல் வார்த்தையாக வாப்பாவிடம், சாப்பிட வாங்க என்றேன். அவருக்கு மீன் பொரித்திருந்தேன், அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

தொழுகையை விடாதே, வெயிலில் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். சபை வேலையைத் தானே வேண்டாமென்று விட்டதாக வாப்பா உனக்குச் சொல்லுவார், நம்பினது போல இரு.

துஆக்களுடன்,
உன் உம்மா றாஹிலா