முழங்காலுக்கு வரட்டும்

இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். இன்று காலை திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. நிலக்கரிச் சாம்பல் நனைந்த வாடை. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மழைக்கும் நீயும் அப்படித்தான் நிற்பாய். "முழங்காலுக்கு வரட்டும் மாமு, அப்பால பாத்துக்கலாம்."

இங்கே அது சரிதான். நம் ஊர்த் தண்ணீர் மெதுவாக ஏறும். அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கிவைக்க நேரம் கொடுக்கும்.

ஓமனில் நாம் ஒரே கம்பெனியில் இருந்தபோது, தொழிலாளர் குடியிருப்புக்குப் போகும் சாலை வறண்ட ஆற்றுப்பள்ளத்தைக் கடக்கும் இடத்தில், அடியில் பதித்த குழாய் போதாது, பெரிய வாய்க்கால் வேண்டும் என்று நான் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். நீ சைட் சூப்பர்வைசர். வெட்டிச் செலவு என்று மேலாளரிடம் சொன்னாய். பிறகு நம்மவர்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேட்டாய்: "இன்னா மாமு, ஒட்டகத்துக்கு வாய்க்கா வெட்றியா?" அதுவே எனக்குப் பட்டப்பெயராயிற்று. வேலையை விட்டு ஊருக்கு வந்தேன். உன்னோடு பேசுவதையும் விட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருந்தவர்கள் நாம்; அதனால்தான் ஆறவில்லை.

அங்கே வெள்ளம் வந்த அன்று காலை கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தேன். அரபிக்கடலிலிருந்து நீ இருந்த மலைப்பக்கம்வரை நீண்ட வெள்ளைப் பட்டை. வளிமண்டல ஆறு என்பார்கள். கடலின் ஈரத்தை வானத்தில் சுமந்துபோய், வறண்ட மலைமேல் ஒரே நாளில் கொட்டிவிடும். "மலையில் பெய்யும், பள்ளத்துச் சாலையில் போகாதே" என்று உனக்குச் செய்தி அடித்தேன். வாய்க்கால் எதற்கென்று இன்றைக்குத் தெரியட்டும் என்று தோன்றியது. அனுப்பாமலே அழித்துவிட்டேன்.

மிச்சத்தை உன்னோடு ஜீப்பில் வந்து உயிர் தப்பிய காத்திவாக்கத்து டிரைவர் சொன்னார். தலைக்கு மேல் வெயில். அந்தக் குழாயருகே சாலையில் கணுக்கால் தண்ணீர். திரும்பிவிடலாம் என்றிருக்கிறார். நீ இறங்கி நின்று, முழங்காலுக்கு வரட்டும் என்றாயாம். முழங்காலுக்கு வரவில்லை. கல்லும் சேறுமாக ஆளுயரத்துக்கு வந்தது.

ராயபுரம் சர்ச்சில் உனக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் மனைவி என்னிடம் கேட்டாள்: "பாலைவனத்துல இப்டி வரும்னு யாருக்குண்ணே தெரியும்?" யாருக்கும் தெரியாதுதான் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இன்றும் கழுத்தில் கனக்கிறது.

நீ சிரித்ததை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் அவள் கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இதை உன் வீட்டு முகவரிக்கே தபாலில் போடுகிறேன், அவள் படிக்கட்டும் என்று, கையெழுத்தில்லாமல். யார் எழுதியதென்று அவளுக்கே தெரியும். ஒட்டகத்துக்கு வாய்க்கால் வெட்டியவன் கதையை நீ அவளிடம் சொல்லிச் சிரிக்காமலா இருந்திருப்பாய்?