பிரேமன் கோசுக்கீரையும் என் பொருத்தனையும்

ஃபுல்டா,
4 பிப்ரவரி 1987

அன்பு மகள் கெர்லிண்டுக்கு,

ஆண்டவர் தயவில் அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும், வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அந்தக் கடல்கோடியில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை. உனக்குக் கம்பளிக் காலுறை நான்கு ஜோடி அனுப்பியிருக்கிறேன். பூமியின் தென்பாதியில் இப்போது வெயில் என்று தெரியும், பேறுகாலம் வரும்போது குளிர் தொடங்கிவிடும், அப்போது போட்டுக்கொள்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ இரண்டு முறை பறிகொடுத்த பிறகு இந்த மூன்றாவது தங்கியிருக்கிறது என்று எழுதினாயே, அந்தக் கடிதம் வந்த மறுநாள், அக்டோபர் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் மாதா பீடத்தில் முழங்கால் போட்டு, குழந்தை உன் கைக்கு வரும்வரை மாமிசம் வாயில் வைப்பதில்லை என்று பொருத்தனை செய்தேன். கிறிஸ்துமஸ் வாத்தைக்கூட அப்பாதான் தனியாகத் தின்று தீர்த்தார். நூற்று நான்கு நாள் ஒரு பிசகு இல்லாமல் போயிற்று. நூற்று ஐந்தாவது நாள் பிரேமனில் நடந்ததைக் கேள்.

நம் மேல்மாடியில் பன்னிரண்டு வருஷம் குடியிருந்த அல்முத்தும் அவள் புருஷன் ஹார்மும் சொந்த ஊரான பிரேமனுக்குத் திரும்பிய நாளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள் அல்லவா, போன மாதம் போனோம். முதல் நாளே ராச்சாப்பாட்டுக்குப் பன்றித்தலையையும் ஈரலையும் ஓட்ஸோடு அரைத்து வறுத்த சாம்பல்நிறக் கூழ் ஒன்றை வைத்தார்கள். மழையில் ஊறிய சிமெண்ட் மாதிரி இருந்தது. அப்பா இரண்டு தட்டு வழித்தார். நான் பொருத்தனையைச் சொல்லி உருளைக்கிழங்கோடு தப்பினேன். அல்முத் லூத்தரன்காரி, மாதாவிடம் வேண்டுதல் இல்லாத சபை, அவளுக்கு இதெல்லாம் கேலி. ஏண்டி வால்புர்கா, உங்க மாதா என்ன கசாப்புக்கடையா வெச்சிருக்கா, நீ தின்னதையும் தின்னாததையும் பாத்துக்கிட்டிருக்க என்று சிரித்தாள். எதற்காகப் பொருத்தனை என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை அவர்கள் தெருக்காரர்கள் இருபது பேரோடு கோசுக்கீரை நடை, குடித்துக்கொண்டே நடந்துபோய்க் கீரை விருந்து தின்கிற அவர்கள் ஊர்க் குளிர்கால வழக்கம். கைவண்டி நிறையச் சாராயம், ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் தொங்கும் ஒரு சின்னக் குவளை, வேசர் ஆற்றங்கரை மேட்டில் மூக்கை அறுக்கும் காற்று. மூன்று மணி நேரம் நடந்து சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வாசலில் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில் எங்களையெல்லாம் ஏற்றி நிறுத்து எழுதிக்கொண்டார்கள். எனக்கு அதுவே அருவருப்பாகத்தான் இருந்தது. உள்ளே போனால், காலையிலிருந்து கொதித்துக் கறுத்துப்போன கீரை, குளத்துப் பாசியை வாரிப் பன்றி நெய்யில் போட்ட மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. நெய்க்குத் திருச்சபை தடை சொல்லவில்லை என்பதால் பேசாமல் இருந்தேன். ஹார்ம், மாமிசம் வேணாம்னு சொன்னீங்கல்ல வால்புர்காம்மா, கவலைய விடுங்க, உங்க தட்டு என் பொறுப்பு என்று தானே எடுத்து வைத்தார். கீரைக்குள் கொழகொழவென்று மணிமணியாக என்னவோ பல்லில் பட்டது. இது என்ன என்றேன். ஓட்ஸ்தாம்மா, கீரை கெட்டியாகப் போடறது என்றார். பசி, குளிர், தட்டில் மிச்சம் வைக்காத வளர்ப்பு. நான் காலி செய்யச் செய்ய அவர் நிரப்பினார். ஏழு கரண்டி. மூச்சைப் பிடித்து விழுங்கினேன், ருசிக்காக இல்லை.

அதிகம் தின்றவர் யார் என்று பார்க்க மறுபடி தராசு. எல்லாரையும்விட நான்தான் கூடியிருந்தேன், ஒன்றரைக் கிலோ. கோசு ராணி என்று கத்தி, பன்றியின் கீழ்த்தாடை எலும்பைப் பல்லோடு நாடாவில் கோத்து என் கழுத்தில் போட்டார்கள். என் சிலுவைமேல் அது கிடந்து இடித்தது. அடுத்த வருஷ விருந்தும் ராணி பொறுப்பாம். அப்போது சத்திரக்காரர் குவளையைத் தூக்கி, பிங்கெல் மட்டும் ஏழு தின்னு செரிச்ச ராணி வாழ்கன்னு சொல்லுங்கப்பா என்றார். பிங்கெல் என்றால் என்ன என்று கேட்டேன். ஹார்ம் பெருமையாகவே சொன்னார். ஓட்ஸும் மாட்டுக்கொழுப்பும் பன்றி வயித்துக்கறித் துண்டும் கலந்து, மாட்டுக்குடலோட கடைசி முழம் இருக்கே, வால் பக்கம், அதுல அடைக்கிற சாசேஜும்மா, உங்களுக்காகத் தோலை உரிச்சுக் கரண்டிக்கு ஒண்ணாக் கீரையில கலந்துட்டேன் என்றார். ஐயோ கறியா என்று எழுந்துவிட்டேன். அதுல எங்கேம்மா கறி இருக்கு, கறின்னா புகைபோட்ட விலாக்கறி, அதைத்தான் நான் உங்க தட்டுப் பக்கமே கொண்டு வரலயே என்றார். மேசையில் இருந்தவர்களும் ஆமாம், பிங்கெல் கீரையோடு சேர்த்தி, யாரும் அதைக் கறியென்று சொல்வதில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். பொய் இல்லை மகளே, அந்த ஊர் நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறது. நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். வந்த வரைக்கும் வந்தது.

மறுநாள் அங்கே நம் கோயிலைத் தேடிப்போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தெரியாமல் தின்றதில் பாவம் இல்லை, பொருத்தனை முறியவும் இல்லை, தொடருங்கள் என்றார் சுவாமியார். அவர் சொன்னால் சரிதான், ஆனாலும் உன்னை நினைத்து அழுதுகொண்டேதான் வெளியே வந்தேன். அல்முத் வாசலில் காத்திருந்தாள். எதுக்குடி இந்த அழுகை என்றாள், முதல்முறையாக அவளிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். எப்ப பிறக்கும்னு சொல்லியிருக்காங்க என்றாள். மார்ச் இருபது வாக்கில் என்றேன். சரி, அதுவரைக்கும் கறியோ பிங்கெலோ நானும் தொடல, அந்த மனுஷனும் தொடமாட்டாரு, உன் கெட்டுப்போன ஒரு நாளுக்கு எங்க ரெண்டு பேர் நாளையும் எடுத்துக்கச் சொல்லு உங்க மாதாவ என்றாள். கீரைக் காலத்தின் நடுவில் பிரேமன்காரி சொல்கிற வார்த்தை இல்லை அது. நேற்று அவள் கடிதம் வந்தது. ரெண்டு விருந்துக்குப் போயி இவரு வெறும் உருளைக்கெழங்கத் தின்னுட்டு வந்தாரு, வயித்துல புண்ணுன்னு தெருவே துக்கம் விசாரிக்குது என்று எழுதியிருக்கிறாள்.

கனம் தூக்காதே, படிக்கட்டில் கைப்பிடியை விடாதே. குழந்தை அசைகிறதா என்று உடனே ஒரு வரி எழுது. மாதா உன்னை மடியில் வைத்துக் காக்கட்டும். பிறந்ததும் போன் செய், எங்களுக்கு ஒன்று, பிரேமனுக்கு ஒன்று. அங்கே அடுக்களையில் ஒன்பது சாசேஜைத் தொங்கவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்து ஒரு மனுஷன் உன் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா
வால்புர்கா