ஓரம் கறுத்த குடும்பப் படம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

எல்லாம் நான் சொன்னபடியே நடந்திருச்சு. அந்த அகல லென்ஸை நீங்க வாங்கிட்டு வந்த அன்னிக்கு, பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே சொன்னேன். "மாப்ள, இது சின்ன கேமராவுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை. நாளைக்கு வீட்டுக்குப் பெரிய கேமரா வரும், அன்னிக்கு இது பத்தாது." நீங்க சிரிச்சீங்க. ஒன்பதாவதோட நின்னவன் பேச்சு எங்க எடுபடும்?

உங்க மக கயல், உள்ள வெளிச்சம் வாங்குற சென்சார் பெருசா இருக்கிற கேமரா வாங்கிட்டா. புதுக்கோட்டை மாவட்டத்துக்கே ரெண்டுதான் இருக்குன்னு நான் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். நம்ம தெருவுலயே ரெண்டு இருக்காம். இருக்கட்டும்.

போன வாரம் உங்க வருஷத் திதி. திருக்கோகர்ணத்து வீட்ல சொந்தமெல்லாம் கூடி, சாப்பாடு முடிஞ்சு, குடும்பப் படம் எடுக்க நின்னோம். கயல் புது கேமராவுல உங்க லென்ஸை மாட்டினா. கச்சிதமா உட்கார்ந்துச்சு. அதுலதான் ஏமாந்தோம்.

தாய்மாமன் நான் நடுவுல நிக்க வேண்டியவன். கால் தானா ஓரத்துக்குப் போயிருச்சு. இருபது வருஷம் நீங்க கல்யாணப் படம் எடுக்க, ஓரமா லைட் பிடிச்சு நின்ன கால் வேற எங்க போகும்?

படத்தைப் பார்த்தா, நடுவுல எல்லாரும் பளிச்சுன்னு இருக்காங்க. சுத்தி ஒரே கறுப்பு, சுவத்து ஓட்டை வழியா எட்டிப் பார்த்த மாதிரி. எனக்கு ஒரு கை மட்டும் மிச்சம்.

"அண்ணனை இருட்டு முழுங்கிருச்சு. அந்த வாயை எப்படி முழுங்குச்சுன்னுதான் தெரியல"ன்னா உங்க வீட்டுக்காரி.

"லென்ஸ் வட்டமாத்தான் வெளிச்சத்தை விடும் மாமா. சின்ன கேமரா அந்த வட்டத்துக்குள்ள அடங்கிரும், இது அடங்காது"ன்னா கயல்.

"இதைத்தானே நான் அப்பவே உங்கப்பாகிட்ட சொன்னேன்"னேன்.

கேமராவுல எதையோ மாத்தினா. நடுவை மட்டும் எடுத்துக்கிட்டு ஓரத்தை விட்டுருமாம். கறுப்பு போச்சு. என் கையும் போச்சு. "மாமா, உள்ள வாங்க. இன்னும் உள்ள வாங்க"ன்னு கூப்பிட்டா. அப்படியே நீங்க கூப்பிடுற மாதிரி. ஊரையே அப்படிக் கூப்பிட்டீங்க மாப்ள, லைட் பிடிச்சவனை மட்டும் ஒருநாளும் கூப்பிடல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. தூசின்னு சொல்லிட்டேன்.

இப்ப சங்கதி அது இல்லை. வர்ற ஞாயித்துக்கிழமை கோட்டைப்பட்டினத்துல கல்யாணம். கயலுக்கு இதுவரைக்கும் கெடைச்சதுலயே பெரிய வேலை. சுவரு அளவுக்குப் படம் வேணுங்கிறாங்க. பெரிய கேமராவுக்குன்னே செஞ்ச லென்ஸ் அலமாரியில இருக்கு, தொடமாட்டேங்குறா. உங்க லென்ஸ்லதான் எடுப்பாளாம். நடுவை மட்டும் எடுத்து அவ்வளவு பெருசாக்கினா தெளிவு போயிரும்னு அவளுக்கே தெரியும். "தெளிவு போனாப் போகுது மாமா. அப்பா கடைசியாச் சொன்னதாச்சே"ங்கிறா.

ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சு, "கயல் எப்பவும் என் லென்ஸ்லதான் எடுக்கணும்"னு நீங்க சொன்னதா அவகிட்ட வந்து சொன்னவன் நான். நாலு நாளா அழுதுக்கிட்டிருந்தவ அன்னிக்குத்தான் சோறு தின்னா. அப்புறம் போறப்பல்லாம் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, "அப்பா என்ன சொன்னாங்க மாமா, திரும்பச் சொல்லுங்க"ம்பா. நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுவேன். என் வீட்ல டிவி மட்டும்தான் பேசுது மாப்ள. நான் சொல்றதைக் கேட்க அந்த ஒரு வீடுதான் இருக்கு. அதையும் கெடுத்துக்கிட்டா எங்கிட்டுப் போவேன்?

இருந்தாலும் போறேன். நாளைக்குக் காலையில முதல் டவுன் பஸ்ல போய், அந்த அலமாரி லென்ஸை எடுத்து அவ கையில கொடுத்து, உள்ளதைச் சொல்லிடுறேன். இது சத்தியம். அதுக்கப்புறமும் கூப்பிட்டாள்னா, கோட்டைப்பட்டினத்துல லைட் நான்தான் பிடிப்பேன்.

லென்ஸ் வாங்கின அன்னிக்கு நான் சொன்னது நிசம், அதுல மாத்தமில்லை. ஆஸ்பத்திரியில நீங்க சொன்னதாச் சொன்னேனே, அதுதான் நானாக் கட்டினது. நான் வந்து சேர்ந்தப்ப உங்களுக்குப் பேச்சே இல்லை. நான்தான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்தேன்.

இப்படிக்கு,
ஓரத்துல நிக்கிற உங்க மச்சான்