இன்டர்டனுக்கு இரண்டு பேர் வேண்டும்

பாலக்காடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நௌஃபல் அண்ணனுக்கு,

தங்கை ரஜீனா ஸலாம் சொல்லி எழுதுவது. வண்டிப்பெரியாரில் மழை விட்டதா? மதினிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? உங்கள் தம்பி சஜ்ஜாதின் பேச்சை எடுத்தாலே நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதமென்றால் முழுதாகப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்ததில் அவனுக்குக் குழறிய பேச்சு இப்போது தெளிந்துவிட்டது. ஊன்றுகோலுடன் நடக்கிறான். வலது கைதான் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. பயிற்சி கொடுக்க வரும் ஜிஷா ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால், சின்னப்பிள்ளை வேலை என்று தூக்கி எறிகிறான்.

அப்போதுதான் கமால் மாமா கப்பல் வேலையில் இருந்தபோது ஜெர்மனியிலிருந்து வாங்கிவந்த இன்டர்டன் வீடியோ கேம் பெட்டி நினைவுக்கு வந்தது. டிவியில் மாட்டி நீங்களும் சஜ்ஜாதும் திரையில் பந்தை மாறி மாறி மட்டையால் தட்டி ஆடுவீர்களே. கைப்பிடி இரண்டுதான் என்பதால் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. என் வீட்டுப் பரணில் இருந்ததை எடுத்துத் திறந்தேன். உள்ளே ஈரம் ஏறிப் பச்சை பூத்துக் கிடந்தது, இனி ஓடாது.

நான் அக்ஷயா இ-சேவை சென்டரில் நாள் முழுக்கக் கணினி முன்னால் இருப்பவள்தானே. கணினியையே அந்தப் பழைய எந்திரம் போல நடக்கவைக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளை இறக்கினேன். இன்டர்டனை இங்கே யாருக்கும் தெரியாது. ஜெர்மனிக்காரர் ஒருவர் இணையத்தில் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்து அமைத்தேன். திரையில் மட்டை தெரிந்ததும் சஜ்ஜாத் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஆனால் கணினிக்குப் புதிதாக வாங்கிய கைப்பிடியில், மட்டையை நகர்த்தும் குச்சியை விட்டால் அது நடுவுக்கு ஓடிவிடுகிறது, மட்டையும் கூடவே ஓடுகிறது. பழையதில் வைத்த இடத்தில் நிற்கும். இவன் கை சீக்கிரம் தளர்ந்துவிடுவதால் ஒவ்வொரு பந்தும் தவறியது. "இந்தக் கைக்கு இதுவும் ஆவாது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் கைப்பிடியைப் பிரித்து ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டேன். குச்சி நின்றது. மறுநாள் அவனே கூப்பிட்டான்.

இப்போது தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆடுகிறோம். விரல்கள் மடங்குவதைப் பார்த்துவிட்டு, இதை நிறுத்த வேண்டாம் என்று ஜிஷா சொன்னாள்.

நேற்று அவன் ஜெயித்தான். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டான். "நீ வேணும்னே வுட்டுத் தர்றே, ரஜீனா. அண்ணன்னா வுடமாட்டாரு" என்றான். அத்தா மௌத்தானபின் வீட்டை விற்றதில் உங்கள் இருவருக்கும் பேச்சு முறிந்ததிலிருந்து, அவன் வாயால் அண்ணன் என்று சொல்லி நான் முதல்முறையாகக் கேட்டது நேற்றுதான்.

வீட்டு விஷயத்தில் யார் பக்கம் சரி என்று நான் கேட்கவில்லை. அவனும் உங்களை வரச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டான், உங்கள் தம்பிதானே. கோட்டயம் வரை பஸ்ஸில் வந்தால் அங்கிருந்து ரயில் இருக்கிறது. வாருங்கள் அண்ணே. வந்து, கொஞ்சமும் இரக்கப்படாமல் அவனைத் தோற்கடித்துவிட்டுப் போங்கள்.

உங்களுக்காகத் துஆச் செய்யும்,
ரஜீனா