நூற்று அறுபத்து நாலு கையெழுத்து

14, கடற்கரைத் தெரு,
இன்வர்மோரன்.
6 மே 1984, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

யூனா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மருமகன் ருவாரியும் பேத்தி கிர்ஸ்டியும் சுகம். எடின்பரோ குளிர் உன் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறதா? இது வியாழக்கிழமையே எழுதியிருக்க வேண்டிய கடிதம். அன்று எழுதியதைக் கிழித்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை எழுதியதையும் கிழித்தேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் ஆறாமலே எழுதுகிறேன்.

முதலில் சேதி. நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன். பத்து வாரம். டிசம்பர் முதல் வாரம் என்று நர்ஸ் டோலினா கணக்குச் சொல்கிறாள். நம் ஊர்ப் பிரசவ வார்டைச் செப்டம்பர் முப்பதோடு மூடுகிறார்கள். அறிவிப்பைக் கதவிலேயே ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வலி எடுத்தால் கணவாயைத் தாண்டி அறுபத்திரண்டு மைல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். டிசம்பர் மாதத்தில். கிர்ஸ்டி பிறந்த நவம்பரில் அந்தப் பாதை மூன்று நாள் பனியில் அடைந்து கிடந்தது உனக்கு மறந்திருக்காது. வார்டு வாசலில் நின்றவள் நீதான். எனக்கு ரத்தம் நிற்கவில்லை. அங்கே குளிர்பெட்டியில் இருந்த நாலு பை ரத்தத்தால்தான் இந்தக் கடிதத்தை எழுத நான் இருக்கிறேன். டோலினா பிறகு ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "அரை மணி தள்ளிப் போயிருந்தா, உங்கம்மா கையில கொழந்தைய மட்டும்தான் குடுத்திருப்பேன்."

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். கட்சித் தலைமை அலுவலகப் பதவிக்கு நீ எடின்பரோ போனபிறகு நடந்த முதல் தேர்தல், வெறும் மாவட்ட மன்றத் தேர்தல்தான். ஆனாலும் நம் கட்சிக்கு வாசலில் உட்கார ஆள் இல்லை என்று கெஞ்சினார்கள். உன் மகள் ஆயிற்றே, மறுக்க முடியுமா? பள்ளிக்கூட வாசலில் நாற்காலி போட்டு, நெஞ்சில் கட்சி ரிப்பனைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஓட்டுப் போட வருகிறவர்களிடம் வாக்காளர் பட்டியல் எண்ணைக் கேட்டுக் கேட்டுக் குறிக்கிற வேலை. மாலையில் அதைப் பார்த்துத்தான் வராதவர்கள் வீட்டுக்குக் கார் அனுப்புவார்கள். பக்கத்து நாற்காலியில் எதிர்க்கட்சிக்காக ஹெக்டர். நீ நம் கட்சியின் தேர்தல் ஏஜெண்டாக இருந்த முப்பது வருஷமும் அவர்கள் ஏஜெண்டாக உன் எதிரே நின்ற அதே ஹெக்டர், அதே தொப்பி. வந்ததும், "உங்கம்மா எடின்பரோவுல பெரிய நாற்காலியில உக்காந்துட்டா, எனக்கு இன்னும் பள்ளிக்கூட நாற்காலிதான்" என்று சிரித்தார். பெப்பர்மின்ட் கொடுத்தார்.

குறித்துக்கொள்ள எனக்குக் கொடுத்த சின்னத் தாள் கட்டு உன் கைவேலை. பழைய தாள்களை நாலாக வெட்டி, வெற்றுப் பக்கம் மேலே வருமாறு அடுக்கி, மூலையில் கிளிப் போட்டது. போகுமுன் அடுத்த தேர்தலுக்கென்று ஒரு பெட்டி நிறையச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளை எறிகிறவள் கட்சிக்குத் துரோகி என்று நீ திட்டாத தொண்டர் இந்த ஊரில் உண்டா?

பதினோரு மணி வாக்கில் எனக்கு அவசரமாகக் கழிப்பறை போகவேண்டி வந்தது. இப்போதெல்லாம் அப்படித்தான். வழக்கம்போல ஹெக்டரிடம் என் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனேன். எதிர்க்கட்சிக்காரருக்காக எண் குறித்துக் கொடுப்பதில் பொய் செய்தவன் இந்த ஊரில் இல்லை என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். திரும்பி வந்தபோது அவர் முகம் சரியாக இல்லை. காற்று தாளைப் புரட்டியிருக்கிறது. பின்பக்கத்தில் அவருடைய கையெழுத்தே இருந்திருக்கிறது. ஹெக்டர் மக்கின்ஸ், படகுத்துறைச் சந்து, பக்கத்தில் சிவப்பு மையில் அவருடைய பட்டியல் எண். அந்தச் சிவப்பு எண் உன் கையெழுத்து.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்கம்மா என்னை ஏழு தடவை தோக்கடிச்சிருக்கா, நான் அவளை ஆறு தடவை. ஒரு தடவைகூட ரெண்டு பேரும் திருடல, பொண்ணே" என்றார். பிறகு என் கட்டைத் திருப்பித் தந்தார். நான் இல்லாத நேரத்தில் வந்த ஒன்பது பேரின் எண்ணும் அதில் இருந்தது, ஒன்றுகூட விடுபடாமல்.

எனக்கு உடனே விளங்கவில்லை என்றால் நம்புவாயா? கட்டைப் புரட்டப் புரட்டத்தான் விளங்கியது. மூன்று வருஷத்துக்கு முன், தொகுதி மறுவரையறையில் இன்வர்மோரன் தொகுதியையே எடுத்துவிட்டு, நம் ஊரைக் கணவாய்க்கு அந்தப்புறத்தில் எப்போதும் நம் கட்சிக்கே ஓட்டுப் போடுகிற சுரங்க ஊர்களோடு சேர்க்கப்போவதாக அறிவிப்பு வந்ததே, அப்போது நான் வாங்கிய கையெழுத்துகள். நூறு வாக்காளர் கையெழுத்துப் போட்டு ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் அனுப்பினால், நேரில் வந்து விசாரித்தே ஆகவேண்டும் என்று சட்டம். அதை எனக்குச் சொன்னதும் நீதான். கிர்ஸ்டியைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு, தையல் பிரிந்து வலித்த உடம்போடு, மீன் பதப்படுத்தும் கொட்டகையிலிருந்து தேவாலயப் பழந்துணி விற்பனை வரை ஏறி இறங்கி நூற்று அறுபத்து நாலு கையெழுத்து வாங்கினேன். இரண்டு கட்சிக்காரரும் போட்டார்கள். எந்தக் கட்சியும் வேண்டாம் என்கிறவர்களும் போட்டார்கள். பட்டியலோடு ஒப்பிட்டு எண் போட்டு அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் தள்ளிவிடுவார்கள், அது ஏஜெண்ட் செய்கிற வேலை என்று சொல்லி வாங்கிக்கொண்டாய். வெள்ளிக்கிழமை இரண்டாம் தபாலில் போட்டுவிட்டதாகச் சொன்னாய். விசாரணை நடக்கவில்லை என்றபோது, "மேல இருக்கறவங்க நெனச்சா நெனச்சதுதான், நாம என்ன பண்ண முடியும்" என்று என் தலையைத் தடவினாய். நான் மேலே இருந்தவர்களைத் திட்டிக்கொண்டு மூன்று வருஷம் இருந்திருக்கிறேன்.

வியாழன் இரவு மீதிக் கட்டுகளை எல்லாம் கட்சி அறையிலிருந்து வாங்கி வந்து சமையலறைத் தரையில் பரப்பி ஒட்டவைத்தேன். மறதி, தபால், கடைசி நாள் தாண்டியது என்று உனக்காக ஏதாவது ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடினேன். கிடைத்தது என்ன தெரியுமா? எல்லாப் பெயருக்கும் எண் போட்டிருக்கிறாய். பதினெட்டு வயதாகாத இரண்டு பேரை அடித்திருக்கிறாய். கடைசித் தாளின் அடியில் 162 என்று எழுதி வட்டமும் போட்டிருக்கிறாய். போதும் என்று தெரிந்துதான் அனுப்பாமல் வைத்திருக்கிறாய். ருவாரி படகிலிருந்து வந்து தரையைப் பார்த்தார். கால் வைக்க இடமில்லாமல் சுவரோரமாகவே நடந்து போய்ப் படுத்துவிட்டார். காலையில், "எனக்கு அரசியல் தெரியாது. ஆனா எங்க படகுல ஒருத்தன் இப்படிப் பண்ணினா அவனோட மறுபடி கடலுக்குப் போகமாட்டோம்" என்றார்.

தொலைபேசியில் கேட்டேன், நீயும் மறுக்கவில்லை. "ஜெயிக்கிற ஒரு சீட்டு வேணும்னு ஆசப்பட்டது தப்பாடி? முப்பது வருஷம் ஒத்தை ஓட்டு ஒத்தை ஓட்டா பொறுக்கினவளுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் என் பதிலைச் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். அதை இங்கே எழுதுகிறேன், இதை வைக்க முடியாது.

மற்றப் பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடுகிற மாதிரி அந்தத் தொகுதியின் கதையை எனக்குச் சொன்னவள் நீ. 1918இல் பிறந்த தொகுதி. ஐம்பத்தொன்றில் முப்பத்தெட்டு ஓட்டில் ஜெயித்தோம். அடுத்த வருஷமே பிரசவ வார்டுக்குக் கடைக்கால் தோண்டினார்கள். அறுபத்து நாலில் நாலு தடவை மறுபடி எண்ணி, பத்தொன்பது ஓட்டு. கணவாய்க்குப் பனிவாரும் வண்டி வந்தது. எழுபத்து நாலு பிப்ரவரியில் ஏழு ஓட்டில் தோற்றோம். அக்டோபரில் நூற்றுப் பன்னிரண்டில் எடுத்தோம். அந்த எட்டு மாதமும் இரண்டு கட்சித் தலைவர்களும் மாறி மாறி வந்து வார்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எழுபத்தொன்பதில் அறுபத்தொரு ஓட்டில் அவர்கள் ஜெயித்தார்கள். நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளை வெட்டினார்கள், நம் வார்டைத் தொடவில்லை. அறுபத்தொரு ஓட்டு வைத்திருப்பவன் தொடுவானா? இப்போது புதுத் தொகுதியில் நம் கட்சிக்குப் பதினாலாயிரத்து இருநூற்று ஆறு ஓட்டு வித்தியாசம். ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, கதவில் அறிவிப்பு. நம் கட்சியின் புது நாடாளுமன்ற உறுப்பினருக்கு மூன்று கடிதம் போட்டேன். கடிதம் கிடைத்தது என்று அச்சடித்த ஓர் அட்டை வந்தது. அவர் ஏன் பதில் போடவேண்டும்? நான் மட்டுமில்லை, என் தெரு முழுக்க அவருக்கு எதிராகப் போட்டாலும் அவருக்கு உறைக்காது. எப்போதும் ஜெயிக்கிற சீட்டு வேண்டும் என்றாய். எவனும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத ஊரை வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

உன் பக்கம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அந்த ஏழு ஓட்டு. கிளென் ஃபேர் பண்ணையில் நம்மவர்கள் எட்டுப் பேர், பனி கொட்டுகிறது என்று நீ கடைசிக் காரை அனுப்பவில்லை. ஓட்டுநருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னாயாம். எண்ணி முடித்த அன்று காலை வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாய். எனக்கு அப்போது பதினேழு வயது, நான்தான் உன் காலணியைக் கழற்றினேன். அந்த மாதிரி ஒரு காலை உனக்கு மறுபடி வரக்கூடாது என்று நீ நினைத்திருந்தால் எனக்குப் புரிகிறது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. ஓர் ஓட்டுநரின் பிள்ளைகளுக்காகத் தொகுதியையே விட்டவள், மூன்று வருஷத்துக்கு முன் சொந்த மகள் மூன்று மாதக் கைக்குழந்தையோடு வாங்கிய கையெழுத்தை நாலாக வெட்டினாள். கத்தரி பிடிக்கும்போது ஒரு பெயர்கூடவா கண்ணில் படவில்லை? முதல் பெயர் என்னுடையது, அம்மா.

இனி நடக்கவேண்டியது. ஜூன் பதினாறு சனிக்கிழமை நகர மண்டபத்தில் வார்டுக்காகக் கூட்டம். டோலினா கூட்டுகிறாள், ஹெக்டர் தலைமை. அவர் நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. "அத சொல்றது உங்கம்மா வேலை, என் வேலை இல்ல" என்கிறார். நீ அந்தப் புது உறுப்பினரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். உன் அலுவலகம் கூப்பிட்டால் வருவார், நாங்கள் கூப்பிட்டால் அட்டைதான் வரும். அவரை மேடையில் உட்காரவைத்துவிட்டு, நீ எழுந்து நடந்ததைச் சொல்லவேண்டும். சொன்னால் உன் பதவி போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொந்தக் கட்சி ஏஜெண்டே இந்த ஊரை ஏமாற்றியிருக்கிறாள் என்று ஊர் முன்னால் கேட்டபிறகு அவரால் கைகட்டி உட்கார முடியாது. வெட்கப்படவாவது செய்வார். பயம் இல்லாத இடத்தில் எங்களுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

நீ வராவிட்டால் நானே எழுந்து சொல்வேன். மிரட்டவில்லை, முன்கூட்டியே சொல்கிறேன். நான் உன் மகள், வாக்காளரிடம் எதையும் ஒளிக்காதே என்று வளர்க்கப்பட்டவள்.

கிர்ஸ்டிக்கு மூன்றரை முடிகிறது. தானாகக் காலுறை போட்டுக்கொள்கிறாள், இரண்டையும் ஒரே காலில். ராத்திரி கஞ்சிக்கு உப்புப் போட்டால்தான் குடிப்பாள், சர்க்கரை போட்டால் துப்பிவிடுவாள். இருட்டில் தனியாகப் படுக்கமாட்டாள், யாராவது முதுகில் கை வைத்திருக்கவேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். ருவாரிக்குக் கடலில் வாரக்கணக்கில் போய்விடும், அவருக்கு இதெல்லாம் பழக்கமில்லை.

கூட்டத்துக்கு வந்தாலும் சரி, என்மேல் கோபித்துக்கொண்டு வராமல் போனாலும் சரி, அக்டோபர் கடைசியில் இங்கே வந்துவிடு. பனி விழுவதற்குள் வா. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டு வராதே. எனக்காக இல்லை, நான் உன்னோடு பேசாமல்கூட இருக்கலாம். போன வருஷம் நீ போனதிலிருந்து கிர்ஸ்டி உன்னை மறந்துகொண்டு வருகிறாள். டிசம்பருக்குள் அவள் உன்னிடம் நன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும், அம்மா. நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் உன் கை பட்டால் தூங்குகிற அளவுக்கு.

கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். கணவாயில் பகலில் வண்டி ஓட்டு.

உன் மகள்,
யூனா