நிரோஷனின் மௌன விரதம்

ஒக்டோபர் 22, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். கந்தசஷ்டி ஆரம்பம். கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. உப்பு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்; ஆறு நாளும் எனக்கு உப்பில்லா விரதம். தீபாவளி முறுக்கு மிச்சம், அவருக்கும் மகளுக்கும்.

மகன் நிரோஷன் காலையிலிருந்து பேசவில்லை. "டியூஷன் எத்தனை மணிக்குடா?" என்றேன். சுட்டுவிரலை உதட்டில் வைத்தான். பிறகு அதே விரலால் காதடியிலிருந்து தாடை ஓரமாக ஒரு கோடு. வாயைப் பூட்டிவிட்டேன் என்கிறான். மௌன விரதம். ஏ.எல். பரீட்சை வருகிறதே. நான் சொல்லாமலே பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. காப்புக் கட்ட வரவில்லை. படிப்பு என்று விட்டுவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் கொப்பியில் எழுதிக் காட்டினான்: "எனக்கும் உப்பு வேண்டாம்." முருகா.

ஒக்டோபர் 23, வியாழன்

அதே மழை. எழுந்ததும் ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்குகிறான். எனக்குப் பச்சைத் தண்ணீரே நடுக்கம். விரதம் இருப்பவரைக் கேள்வி கேட்டால் பலன் குறையும். கேட்கவில்லை.

தர்ஷினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அம்மா, அண்ணன் இருக்கிறது விரதமே இல்லம்மா..."

"சாமி காரியத்துல சிரிக்காத."

அவளும் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். வீட்டில் இப்போது இரண்டு பேர் பேசுவதில்லை.

கோயில் தலைவரின் மனைவி செல்வி அக்காவிடம் சொன்னேன். "இந்தக் காலத்துப் புள்ளையா? உப்பும் இல்லாமலா?" கன்னத்தில் போட்டுக்கொண்டார். சூரன்போர் அன்று வேல் ஏந்த அவனைத்தான் விடச் சொல்வாராம். கூட நின்ற எல்லாருக்கும் கேட்டது. வீடு வந்த பிறகுதான் குடை விரிக்காமலே நடந்தது தெரிந்தது.

வாங்க: தேங்காய், பச்சைப்பயறு, கற்பூரம், பாத்ரூம் பல்பு.

ஒக்டோபர் 25, சனி

இடி. கரண்ட் போய் வந்தது. பல்பு இன்னும் மாட்டவில்லை.

பாத்ரூமில் டொக் டொக் என்று சத்தம். கதவு சாத்தவில்லை. நிரோஷன் கண்ணாடி முன்னால், என் ரொட்டிக் கட்டையால் கன்னத்து எலும்பில் தட்டிக்கொண்டு. கன்னம் சிவந்து, ஓரிடம் நீலம்.

"என்னடா இது?"

"ஒன்னுமில்லம்மா." மௌனம் அங்கேயே முடிந்தது.

தர்ஷினியை உட்கார வைத்துக் கேட்டேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வாயை மூடியே வைத்திருந்தால் தாடை கூராகுமாம். அதற்குப் பெயர் மியூயிங். விரலால் கோடு போட்டால், மியூயிங்கில் இருக்கிறேன், பேச மாட்டேன் என்று அர்த்தம். உப்புத் தின்றால் முகம் ஊதுமாம். ஐஸ் அந்த ஊதலுக்கு. கட்டையால் தட்டினால் கன்னத்து எலும்பு வளருமாம். அழகில் ஒருத்தன் இன்னொருத்தனை மங்க வைத்தால் 'மொக் பண்ணிட்டான்'. எல்லாம் சேர்த்து லுக்ஸ்மேக்ஸிங். போனில் பார்த்துப் படித்தது.

"முந்தாநாளே சொல்ல வந்தேன். நீங்கதான் சாமி காரியம்னீங்க."

பேராதனையில் நர்ஸாக இருக்கும் என் தங்கைக்குப் போன். "அடிச்சா வீங்கும்க்கா, வளராது. கண்ணுக்குப் பக்கத்துல வேற. கட்டையப் புடுங்கி வைங்க." அரிசி வாளிக்குள் வைத்தாயிற்று.

"எனக்குத் தாடையே இல்லம்மா. கூட்டாளிங்க குரூப் போட்டோல என் மூஞ்சியப் பெருசாக்கி அனுப்பிச் சிரிக்கிறானுங்க."

"அது என் தாடைடா. நல்லாப் பாரு."

பார்த்தான். எனக்கு இது ஒரு நாளும் குறையாகத் தெரிந்ததில்லை. இன்றும் இல்லை.

ஆனால் வேல்? விரதம் இல்லாதவன் ஏந்தக் கூடாது. கோயில் முழுக்கச் சொன்னது நான்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

கன்னத்து நீலம் மஞ்சளாகிறது. கட்டையை அவன் தேடவில்லை.

"செல்வி அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். தப்பா நெனச்சது நான்தானே."

"வேணாம்மா. நானே சொல்றேன்."

"என்னன்னு?"

"மூஞ்சிக்காகன்னு."

அவன் சிநேகிதப் பையன்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். சொல்வானா? சொல்வான். என் பிள்ளை.

மாதக் கணக்கு எழுதி முடித்தேன். அவர் பல்பு மாட்டினார்.

ஒக்டோபர் 27, திங்கள்

வெயில். சூரன்போர்.

தலைவர் வேலை எடுத்து நீட்டினார். நிரோஷன் கையை நீட்டவில்லை. "நான் விரதம் இருக்கலை அங்கிள். மூஞ்சி மெலியத்தான் உப்பில்லாம இருந்தேன். அம்மாவுக்குத் தெரியாது." பின்னால் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொண்டார்கள். செல்வி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலை குனியவில்லை.

தலைவர் நீட்டிய வேலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். பிறகு, "அப்ப வேல் வேற ஆளுக்கு. சூரன் தூக்க ஒரு தோள் கொறையுது. நீ போ. அதுக்கு விரதம் வேணாம், தெம்புதான் வேணும். இனி உப்புத் தின்னு."

போனான். சூரனுக்கு மரத் தலை, பெட்டி மாதிரித் தாடை, வெளியே நீட்டிய பல். அதன் கீழே என் பிள்ளையின் சின்ன முகம். கூட்டத்துக்குள்ளிருந்து தர்ஷினியின் குரல்: "அண்ணே, சூரன் ஒன்ன மொக் பண்ணிட்டான்."

பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் வாய் விட்டு, பல் அத்தனையும் தெரிய. நாக்கு எங்கே இருந்ததோ.

நாளை பாரணை, விரதம் முடிகிறது. பூசணிக் கறி. ரொட்டிக் கட்டையை எடுத்துக் கழுவ வேண்டும். உப்பு வாங்க வேண்டும்.