694 நாளும் 21 மெழுகுதிரியும்

2025 யூன் 23, திங்கள்

இன்றைய சாதனை: ஒரு பூச்சியம்.

எங்கள் நண்டு ஆலை வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. 'விபத்து இல்லாத நாட்கள்' என்று மேலே பெயின்ரில் எழுதியிருக்கும். கீழே சோக்கால் எண். ஒவ்வொரு காலையும் ஏழு மணிக்கு அம்மாவின் தம்பி கிறகோரி மாமா பழையதை அழித்துப் புதியதை எழுதுவார். அவர்தான் ஆலையின் சுப்பவைசர். பூசைக்கு நிற்கிற முகத்தோடுதான் எழுதுவார். இன்று 676. அவர் உள்ளே போனதும் நான் பின்னால் ஒரு பூச்சியம் சேர்த்துவிட்டேன். 6760! வகுத்துப் பார்த்தால் பதினெட்டரை வருசம். அதாவது, நான் தொட்டிலில் கிடந்த காலந்தொட்டு இங்கே ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மத்தியானம்வரை ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு மாமா கண்டார்.

"எடி லவீனா! உது விளையாடுற சாமானோ? எழுநூறு ஆனா மடுமாதா கோயிலுக்குப் போக முதலாளி பஸ் விடுறனெண்டவர். முப்பத்தெட்டுப் பேரின்ரை பஸ்!"

"அப்ப 6760க்கு பிளேன் கேளுங்கோ மாமா."

தோளில் கிடந்த துவாயால் எறிந்தார். குனிந்துவிட்டேன். விபத்து இல்லை.

யூன் 25, புதன்

உடுப்பிட்டியிலிருந்து ஸ்கூட்டியில் ஒரு புயல் வந்திருக்கிறது. பெயர் தயாளினி மிஸ். பெயரில் தயவு, கையில் ஐந்து கோப்பு. யூலை 15 அன்று, நண்டு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பனியின் ஆட்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்களாம். அதற்குள் இங்கே நடப்பதெல்லாம் சட்டத்தில் உள்ளதோடும் அவர்களுடைய விதிகளோடும் ஒத்துப்போக வேண்டும். அதற்காகத்தான் முதலாளி செபநாயகம் மிஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். கம்பஸ் அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வரும்வரை ஒஃபிசில் கதிரையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும் நான் மிஸ்ஸுக்கு உதவி.

முதல் வேலை: விபத்துப் பதிவேட்டைத் தட்டச்சு செய்வது. திறந்தேன். வெறுமை. இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன்.

மிஸ் சிரிக்கவில்லை. "முப்பத்தெட்டுப் பேர் கத்தியோடையும் கொதிதண்ணியோடையும் வேலை செய்யினம். ரண்டு வருசமா ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லையோ?"

மாமா நெஞ்சை நிமிர்த்தி, "அந்தோனியார் பாக்கிறார் மிஸ்" என்றார்.

மாமா சொன்னது பொய் அல்ல. அதுதான் பிரச்சினை.

யூன் 30, திங்கள்

அதை விளக்கமாக எழுதி வைக்கிறேன்.

காயத்துக்கு மருந்து கட்டும் பெட்டிக்குப் பூட்டு; அதன் திறப்பு மாமாவிடம். பெட்டியைத் திறந்தால் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து வைத்தால் பலகையில் எண் விழும். எண் விழுந்தால் பஸ் இல்லை. ஆகையால் ஒருவரும் பெட்டியைத் திறப்பதில்லை. யாருக்காவது பட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு, வாசலில் இருக்கும் அந்தோனியார் சுருவத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவார்கள். சின்னக் காயத்துக்குச் சின்னத்திரி. தையல் போட்டால் பெரியதிரி. இணுவிலிலிருந்து வருகிற ஜெயகௌரி அக்கா திருநீறு பூசிய நெற்றியோடு வந்து கொளுத்துவா. "முருகனுக்கும் சேத்துத்தான். ரண்டு பேரும் தங்களுக்கை பேசித் தீர்க்கட்டும்" என்பா.

மெழுகுதிரிப் பெட்டி என் மேசை லாச்சியில் இருக்கிறது. சனவரியில் வேலைக்கு வந்ததிலிருந்து, திரி கேட்டு வருகிற எல்லோரையும் நக்கலடித்து, ஒரு அப்பியாசக் கொப்பியில் படத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். 'கௌரியக்கா, கட்டை விரல், எதிரி: ஆண் நண்டு.' 'நொண்டிக்கொண்டு வந்தவர்: பிரகாஸ் அண்ணை. வழுக்கியது: கழிவுத்தண்ணி ஓடும் கான். விழுந்த சத்தம்: தடால்.'

இன்று எண்ணிப் பார்த்தேன். இருபது. பகிடியாக எழுதியதுதான். பகிடியாகத் தெரியவில்லை.

இருபதில் எட்டு, நண்டு அவிக்கும் பெரிய சட்டிக்குப் பக்கத்தில் நடந்தவை.

யூலை 3, வியாழன்

மே 12ஆம் திகதிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'மாமா. பெரியதிரி. காரணம் சொல்லவில்லை. முகம்: அவித்த நண்டு.' அதற்கு அடுத்த நாளிலிருந்து ஐந்து நாள் அவர் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார். அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை. யாழ்ப்பாணத்து வெயிலில்!

இன்று தேத்தண்ணி கொடுக்கும்போது வேண்டுமென்றே கையைத் தட்டினேன். துடித்துப்போனார்.

"மாமா, காட்டுங்கோ."

"ஒண்டுமில்லை. போய் வேலையைப் பார்."

"சட்டி மூடிதானே? ஆவி அடிச்சதுதானே?"

மாமா கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாக: "மூடிக் கொக்கி உடைஞ்சு போட்டுது. வலைக்கயித்தாலை கட்டி வைச்சனான். இருவது வருசம் கடலிலை நான் போட்ட முடிச்சு ஒண்டும் அவிண்டதில்லை, பிள்ளை."

கடலில் ஆவி அடிப்பதில்லை மாமா என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. 

"எழுநூறுக்கு இன்னும் பதினாலு நாள். சனத்தின்ரை பஸ்ஸை நான் கெடுக்கிறதோ? முதலாளி என்னைப் பிறகு எந்த முகத்தாலை பாப்பார்? மூச்சு விடாதை."

மூச்சு விடவில்லை. பெருமூச்சு மட்டும்.

யூலை 4, வெள்ளி

மிஸ் பொதுவாகச் சொன்னா: வேலையிடத்தில் அடிபட்டு மூன்று நாளுக்கு மேல் வராமல் போனால் தொழில் திணைக்களத்துக்கு அறிவித்தே ஆக வேண்டும். ஐந்து, மூன்றைவிடப் பெரியது. உயர்தரத்தில் கணிதம் படித்ததன் பயன்.

இது பாதுகாப்பு அல்ல, பாதி காப்பு. மற்றப் பாதி மெழுகு.

யூலை 9, புதன்

அவசரமா எழுதிறன். எழுத்து கோணலாத்தான் வரும்.

பத்தரைக்கு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா ஒரே ஆவி, ஒண்டும் தெரியேல்லை. கயிறு இளகி மூடி எழும்பிப் போட்டுது. மூடிக்கு முன்னாலை நிக்கிறவ கௌரியக்கா. அவ அந்த நிமிசம் குனிஞ்சு கூடை எடுத்தவவாம். கூடை எடுத்ததாலை முகம் இருக்கு. அவ்வளவுதான். தலைத்தொப்பி மட்டும் பறந்து கூரைக்கம்பியிலை தொங்குது.

அவ சிரிச்சுக்கொண்டு என்ரை மேசைக்கு வாறா. "ரண்டு திரி தாடி. முருகனுக்குத் தனியா ஒண்டு." உதடு வெள்ளையா இருந்துது.

மாமா அதே கயித்தாலை திரும்பக் கட்டிக்கொண்டு நிண்டார். இந்த முறை ரண்டு முடிச்சு.

ஏன் நான் எண்ணிப் பாத்த அண்டைக்கே மிஸ்ஸிட்டைக் கொப்பியைக் குடுக்கேல்லை? பஸ்ஸுக்காகவோ? மாமாவுக்காகவோ? ரண்டுக்குமாத்தான். கௌரியக்காவின்ரை முகத்தை நான் கணக்கிலை எடுக்கேல்லை.

யூலை 10, வியாழன்

இருபத்தொரு யோகட் கப் கழுவிக் காயவைத்தேன். அம்மா கேட்டதற்குப் பள்ளிக்கூடப் புரொஜெக்ற் என்றேன். நான் பள்ளிக்கூடம் விட்டு ஏழு மாதம் என்பது அம்மாவுக்கு நினைவு வரவில்லை.

யூலை 11, வெள்ளி

ஆறரைக்கு ஆலைக்குப் போனேன். மாமாவின் சோக்கை எடுத்து, வாசல் சீமெந்தில் ஆலையின் படத்தைக் கீறினேன்: வெட்டும் மேசை, ஐஸ் அறை, தண்ணிக்கான், அவிக்கும் சட்டி. கொப்பியைப் பார்த்து, யாருக்கு எங்கே பட்டதோ அங்கே ஒரு கப், அதற்குள் ஒரு திரி. கடற்காற்றுக்குக் கப் நல்ல மறைப்பு. நேற்று முந்தினம் நடந்ததோடு இருபத்தொன்று. சட்டியடியில் மட்டும் ஒன்பது, ஒரு குவியலாக.

ஏழு மணிக்கு முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றினார்.

"என்ன திருநாள் இண்டைக்கு?"

"திருநாள் இல்லை ஐயா. இது எங்கடை விபத்துப் பதிவேடு."

பின்னால் வந்த தயாளினி மிஸ் ஒரு நிமிடம் பார்த்தா. முதலில் உள்ளே போய் நெருப்பணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தா. பிறகுதான் கேட்டா: "லவீனா, இது நீரோ செய்தது?"

"ஓம் மிஸ்."

வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். முதலாளி பலகையைப் பார்த்தார். 694. "அப்ப இது என்ன?" குரல் ஏறியது. "ஆரின்ரை திரியள் உது? சொல்லுங்கோ!"

 தொலைந்தேன் என்று நினைத்தேன். நான் ஒருவரையும் கேட்காமல் செய்துவிட்டேன். அவர்களுடைய பஸ், அவர்களுடைய காயம், என்னுடைய கூத்து.

கௌரியக்கா முன்னுக்கு வந்தா. குனிந்து ஒரு கப்பைத் தொட்டா. "இது என்ரை, ஐயா. விரல். உந்தச் சட்டியடியிலை நிக்கிறதும் என்ரைதான். புதன்கிழமை."

"இந்தக் கானடியிலை நிக்கிறது நான்" என்றார் பிரகாஸ் அண்ணை.

"இது எனக்கு."

"இது என்ரை. ரண்டு தையல்."

ஒவ்வொருவராக வந்து அவரவர் திரிக்குப் பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் சட்டியடியில் இருந்த பெரியதிரி மட்டும் தனியே எரிந்தது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமாவைப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

சட்டைக் கையை மடிக்கிற சத்தம் கேட்டது.

முழங்கை வரைக்கும் தோல் இளஞ்சிவப்பாக, சுருக்கம் சுருக்கமாக இருந்தது.

"காய்ச்சல் இல்லை முதலாளி" என்றார் மாமா. "மூடி."

முதலாளி கிட்டப் போய் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, "கொக்கி உடைஞ்சு போட்டுதெண்டு என்னட்டைச் சொல்ல ஏன் பயந்தனீ, கிறகோரி?" என்று கேட்டார். மாமா பலகையைக் காட்டினார். "நீங்கள்தானே சொன்னியள், எங்கடை மானம் உதிலை எண்டு."

மாமாவே போய் 694ஐ அழித்தார். பூச்சியம் போட்டார். என்னுடையதைவிட வட்டமான பூச்சியம்.

யூலை 12, சனி

சட்டி நிறுத்தம். கொழும்பிலிருந்து புதுக் கொக்கி வரும்வரை அவிக்கக்கூடாது என்று மிஸ் பூட்டுப் போட்டுவிட்டா. மாமாவின் அறிவித்தல் படிவத்தை அவரே எழுதினார். பிந்தியதற்குக் காரணம் என்ற இடத்தில் 'பயம்' என்று ஒரே சொல். மிஸ் அதைத் திருத்தவில்லை. தண்டம் விதித்தால் தான் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொன்னார்.

யூலை 15, செவ்வாய்

வெளிநாட்டுக் கம்பனி ஆட்கள் வந்து போய்விட்டார்கள். முழுப் பாஸ் இல்லை. திருத்தச் சொல்லி ஆறு விடயம், அதற்கு மூன்று மாதம். என் கொப்பியைப் புரட்டியவர் ஆண் நண்டின் படத்தில் நீண்டநேரம் நின்றார். வெற்றுப் பதிவேட்டைக் காட்டியிருந்தால் அன்றைக்கே நடையைக் கட்டியிருப்பார்களாம்.

யூலை 17, வியாழன்

700 ஆகியிருக்க வேண்டிய நாள். பலகையில் 6. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. பிரகாஸ் அண்ணை மட்டும், "பஸ்காரி வாறா" என்றார். தகுதியான பட்டம்.

ஓகஸ்ட் 4, திங்கள்

பலகையை மாற்றியாயிற்று. இப்போது மேலே 'இந்த மாதம் சொன்னவை', பக்கத்தில் 'திருத்தியவை'. இரண்டும் ஒன்றானால் பஸ் என்று மிஸ் முதலாளியைச் சம்மதிக்க வைத்துவிட்டா. மருந்துப் பெட்டிக்குப் பூட்டு இல்லை.

பத்து மணிக்கு மாமா என் மேசைக்கு வந்தார். அரைக்கைச் சட்டை. பின்பக்கமெல்லாம் சோக்குத்தூள்.

"எழுது, பிள்ளை. பலகை எழுதேக்கை ஸ்ரூலாலை விழுந்திட்டன். காயமில்லை. ஸ்ரூலின்ரை கால் ஒண்டு ஆடுது."

எழுதினேன். 'விழுந்த சத்தம்' என்று ஒரு நிரல் வைக்க மிஸ் விடவில்லை. கையெழுத்து வைத்தார். வைத்தும் போகவில்லை.

"வேறை என்ன மாமா?"

தலையைச் சொறிந்தார். "ஒரு திரியும் தா. சின்னன் போதும்."